பக்கத்து இருக்கையின் வரலாறு

நெடுந்தூர ரயிலில் ஏறி உட்கார்ந்து கால் மணி நேரம்கூட ஆகாது, பேச்சு தொடங்கிவிடும். எங்கே போறீங்க, எங்கே இறங்கணும், பிள்ளைங்க எத்தனை, என்ன வேலை. முன்பின் தெரியாதவரோடு சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பகிர்ந்துகொள்ளும் பழக்கம் நம் ரயில்களில் இன்னும் இருக்கிறது. நல்ல பழக்கம்தான். ஆனால் விருத்தாசலம், சின்னசேலம், ஆத்தூர், சேலம் என்று போகும் பாதையில் பயணம் செய்கிறவர்களுக்கு அடுத்து வரும் கேள்வியும் தெரியும். "எந்த ஊரு?" என்பார்கள். "சின்னசேலம் பக்கம்" என்றால் விடமாட்டார்கள். "பக்கம்னா எது?" ஊர்ப் பெயரைச் சொன்னால், "அங்க எந்தத் தெரு?", "யாரு வூடு?", "குலசாமி எது?" என்று போகும். "காலனியா?" என்று நேராகக் கேட்கிறவர் குறைவு. கேட்கத் தேவையும் இல்லை. நாலு கேள்வியில் பதில் கிடைத்துவிடும். அதன் பிறகு பேச்சு சுருங்கும், செல்போன் வெளியே வரும், நீட்டிய முறுக்குப் பொட்டலம் மடியிலேயே தங்கிவிடும்.

ரயில் சிநேகிதம் பற்றி எவ்வளவோ பேர் இனிமையாக எழுதியிருக்கிறார்கள். அந்தச் சிநேகிதம் யாருக்குக் கேட்காமலே கிடைத்தது, யார் ஊரை மாற்றிச் சொல்லி அதை வாங்கினார்கள், யாருக்கு அது மறுக்கப்பட்டது என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. அதைக் கள்ளக்குறிச்சியிலிருந்தும் கல்வராயன் மலையிலிருந்தும் பார்த்தால் எப்படித் தெரிகிறது என்பதுதான் இந்தக் கட்டுரை.

சீட்டுக்குச் சாதி இல்லை

1853 ஏப்ரல் 16 அன்று பம்பாயிலிருந்து தானேவுக்கு இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியது. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா வரை போனது. அந்த 1853ஆம் ஆண்டிலேயே கார்ல் மார்க்ஸ் அமெரிக்கப் பத்திரிகை ஒன்றில் இந்தியா பற்றி எழுதினார். ரயில்வே நவீனத் தொழில்களைக் கொண்டுவரும், அந்தத் தொழில்கள் சாதிக்கு அடிப்படையான பரம்பரை வேலைப் பிரிவினையைக் கரைத்துவிடும் என்பது அவருடைய கணிப்பு. பல வெள்ளை அதிகாரிகளும் பாதிரியார்களும் அப்படித்தான் நம்பினார்கள். ஒரே பலகையில் எல்லாரும் உட்கார்ந்தால் தீட்டு எத்தனை நாள் நிற்கும் என்று நினைத்தார்கள்.

அந்த நம்பிக்கைக்கு ஓரளவு காரணம் இருந்தது. ரயில் சீட்டில் சாதிக்கு இடமில்லை. முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு என்பதெல்லாம் காசைப் பொறுத்தது. மேல்சாதியினருக்குத் தனிப்பெட்டி வேண்டும் என்ற கோரிக்கைகள் எழுந்தபோது ரயில் கம்பெனிகள் ஏற்கவில்லை. அவர்களுக்குச் சமத்துவத்தின் மேல் பற்று ஒன்றும் இல்லை. வெள்ளையருக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும் தனியாகப் பெட்டி ஒதுக்கியவர்கள்தான் அவர்கள். ஆயிரம் சாதிக்கு ஆயிரம் பெட்டி பூட்டினால் லாபம் வராது என்பது அவர்கள் கணக்கு.

கம்பெனி எந்தக் கணக்கில் செய்திருந்தாலும் நமக்கு அது பெரிய விஷயம். செருப்புப் போட்டு ஊர்த்தெருவில் நடக்க முடியாதவர், டீக்கடையில் தனிக்குவளையில் குடித்தவர், அதே ஊர்க்காரர் வாங்கிய அதே விலைச் சீட்டை வாங்கி அவர் பக்கத்தில் உட்கார முடிந்தது. "எழுந்திரு" என்று சொல்ல அவருக்குச் சட்டப்படி உரிமை இல்லை. யாருடைய தயவும் இல்லாமல் காசு கொடுத்து வாங்கிய சமஇடம் என்று நம் தாத்தாக்கள் காலத்தில் ஏதாவது இருந்திருந்தால், அது மூன்றாம் வகுப்புப் பலகைதான்.

மசூர் நடைமேடை

அந்தப் பலகைக்கு வெளியே என்ன நடந்தது என்பதை அண்ணல் அம்பேத்கர் எழுதியிருக்கிறார். 1901ஆம் ஆண்டு. சிறுவன் பீமராவும் வீட்டுப் பிள்ளைகளும் சாத்தாராவிலிருந்து ரயிலேறி, கோரேகாவில் வேலை பார்த்த அப்பாவைப் பார்க்கப் போகிறார்கள். புதுத்துணி, நல்ல தொப்பி, முதல் ரயில் பயணம், ஒரே குதூகலம். ரயிலுக்குள் அவர்களுக்கு எந்தக் கெடுதலும் நடக்கவில்லை. மசூர் நிலையத்தில் இறங்கி, அப்பா அனுப்பும் ஆளுக்காகக் காத்திருந்தபோதுதான் நிலைய அதிகாரி வந்து விசாரிக்கிறார். நல்ல உடுப்பைப் பார்த்துப் பிராமணப் பிள்ளைகள் என்று நினைத்திருந்தார். மகர் என்று பதில் வந்ததும் அவர் முகம் மாறுகிறது, பின்வாங்கிப் போய்விடுகிறார். வண்டிக்காரர்கள் யாரும் ஏற்ற மறுக்கிறார்கள். கடைசியில் ஒருவர் இரட்டிப்புக் கூலிக்குச் சம்மதிக்கிறார். ஆனால் பிள்ளைகளே வண்டியை ஓட்ட வேண்டும், அவர் கூடவே நடந்து வருவார். வழியில் தண்ணீர் கிடைப்பதற்காக, சுங்கச்சாவடிக்காரரிடம் முஸ்லிம் என்று சொல்லிப் பாருங்கள் என்று யோசனை சொன்னவரும் அந்த வண்டிக்காரர்தான். சொல்லிப் பார்த்தும் தண்ணீர் கிடைக்கவில்லை.

இதில் நாம் கவனிக்க வேண்டியது இரண்டு. ஒன்று, கேள்வி கேட்கப்படும் வரை எல்லாம் சரியாக இருந்தது. சாதியை முகத்தில் பார்க்க முடியாது, அதனால்தான் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள். "நீங்க யாரு?" என்பது விசாரிப்புப் போல இருக்கும் விசாரணை. இரண்டு, பொய் சொல்லச் சொல்லும் அறிவுரை. அது 1901இல் முடிந்துபோன கதை இல்லை. வெளியூர் போகும் பிள்ளைகளுக்கு நம் வீடுகளில் இன்றும் சொல்லி அனுப்புகிறார்கள்: "யாராச்சும் கேட்டா மெட்ராஸ்னு சொல்லிடு." பெருநகரத்தில் ஊருக்கும் காலனிக்கும் நடுவே ஓடை ஓடுவது வெளியாளுக்குத் தெரியாது. அதனால் அந்தப் பதில் பாதுகாப்பு.

காட்பாடி தாண்டி வடக்கே போகிற ரயிலில் கேள்வியின் உருவம் மாறும். அங்கே தெருவைக் கேட்கமாட்டார்கள், முழுப் பெயரைக் கேட்பார்கள். தமிழ்நாட்டுக்காரர் தன் பெயரையும் அப்பா பெயரின் முதலெழுத்தையும் சொன்னால் திருப்தி வராது, "அப்புறம்?" என்பார்கள். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாகாண மாநாடு, பெயருக்குப் பின்னால் வரும் சாதிப் பட்டத்தை விட்டுவிடச் சொன்னது. அதன் பலனை வடக்கே போகும் ரயிலில் உட்கார்ந்தால்தான் முழுதாக உணர முடியும். அதே நேரம், பட்டம் பெயரிலிருந்து போனதே தவிர தெருவிலிருந்து போகவில்லை என்பதைச் சின்னசேலம் பாதையில் உட்கார்ந்தால் உணர முடியும்.

இரண்டு பலகைகள்

சேர்ந்து உட்காருவதைத் தடுக்க முடியாதபோது, சேர்ந்து சாப்பிடுவதைத் தடுத்தார்கள். தென்னிந்திய ரயில்வேயின் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணருக்குத் தனி இடம், மற்றவருக்குத் தனி இடம் என்று இருந்தது. வடக்கே நிலையங்களில் இந்துத் தண்ணீர், முஸ்லிம் தண்ணீர் என்று தனித்தனியாகக் கொடுத்தார்கள். தந்தை பெரியாரும் சுயமரியாதை இயக்கத்தாரும் பல ஆண்டுகள் எதிர்த்த பிறகு, 1941இல் ரயில்வே உணவகங்களின் பிராமணர் பிரிவு ஒழிக்கப்பட்டது. பெரிய வெற்றி அது. ஆனால் அந்தப் பலகைகளை நாம் இன்னொரு கண்ணாலும் பார்க்க வேண்டும். பிராமணர் என்று ஒரு பலகை, பிராமணரல்லாதார் என்று ஒரு பலகை. சேரியிலிருந்து வந்தவருக்கு இரண்டிலும் பெயர் இல்லை. இரண்டாவது பலகையின் கீழே நிம்மதியாக உட்கார முடிந்ததா என்பது, பக்கத்து மேசைக்காரர் ஊரைக் கேட்டாரா இல்லையா என்பதைப் பொறுத்தது.

ரயிலில் ஏறாமலே ரயிலோடு வாழ்ந்த இன்னொருவரும் உண்டு. ஓடும் பெட்டிகளின் கழிப்பறைகள் மிக அண்மைக்காலம் வரை தண்டவாளத்தின் மேல்தான் திறந்திருந்தன. நிலையங்களில் விழுந்ததையெல்லாம் துடைப்பமும் தண்ணீர்க் குழாயுமாக நின்று அள்ளிக் கழுவியவர்கள் பெரும்பாலும் யார் என்பது எல்லாருக்கும் தெரியும். மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடை செய்து 2013இல் புதிய சட்டம் வந்தபோதும் அந்த வேலை நடந்துகொண்டிருந்தது. பெட்டிகளில் உயிரிக் கழிப்பறைகள் பொருத்தப்பட்ட பிறகே குறைந்தது. ரயில் சிநேகிதம் பற்றிய இனிய கட்டுரைகளில் அவர் வருவதில்லை.

மாரிக்குப்பம் வரை ஒரு பைசா

ரயில் நமக்குக் கொடுத்ததையும் சொல்ல வேண்டும். நமக்குப் பக்கத்து மாவட்டங்களான வடார்க்காடு, சேலத்திலிருந்தும், சித்தூரிலிருந்தும் நம் மக்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் கோலார் தங்கவயலுக்குப் போனார்கள். பவுரிங்பேட்டை என்று அன்று அழைக்கப்பட்ட பங்காருப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் வரை கிளைப்பாதை போடப்பட்டது. பண்ணையாரின் நிலத்திலிருந்து கிளம்பி, பூமிக்கு அடியில் உயிரைப் பணயம் வைக்கிற வேலைக்குத்தான் போனார்கள். ஆனாலும் மாதச் சம்பளம் கையில் வந்தது. கூலியைத் தீர்மானிக்க ஊர்க் கவுண்டரோ ரெட்டியோ அங்கே இல்லை.

பண்டிதர் அயோத்திதாசர் 1907 ஜூனில் சென்னை ராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு அது 'தமிழன்' ஆனது. அவர் நிறுவிய சாக்கிய பௌத்த சங்கத்தின் வலுவான கிளைகளில் ஒன்று மாரிக்குப்பத்தில்தான் இருந்தது. 1914இல் பண்டிதர் மறைந்த பிறகு, 1920களில் அதே 'தமிழன்' தங்கவயலிலிருந்து ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு மறுபடி வந்தது. அச்சடித்த தாள் ரயில் தபாலில் போனது. திருப்பத்தூர், பெங்களூர், ஹூப்ளி என்று கிளைகள் தண்டவாளம் போன ஊர்களில் முளைத்தன. யாருடைய நிலத்திலோ கட்டிப்போடப்பட்டிருந்த மக்கள், தம்மைப் போன்றவர்கள் இத்தனை ஊரில் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டார்கள். உடன்பயணி என்ற சொல்லுக்கு நம் வரலாற்றில் இருக்கும் பெரிய பொருள் இது. 2001இல் சுரங்கம் மூடப்பட்டது. அந்தத் தொழிலாளர்களின் பிள்ளைகள் இன்று தினமும் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்புகிறார்கள்.

மலையிலிருந்து இறங்குகிறவர்கள்

இப்போது நம் மலைக்கு வருவோம். கல்வராயன் மலை சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், அரியக் கவுண்டன் ஆகிய மூன்று ஜாகிர்களின் கையில் இருந்தது. நாடு விடுதலை பெற்றது 1947இல். மலையில் ஜாகிர் முறை முடிந்து அரசு நிர்வாகம் வந்தது 1976இல். இடையில் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள். வெள்ளிமலை, கரியாலூர், சேராப்பட்டு, இன்னாடு என்று பரவியிருக்கும் ஊர்களில் சாலையும் பள்ளியும் மருத்துவமனையும் ஏன் இவ்வளவு தாமதமாக வந்தன, வந்ததும் ஏன் அரைகுறை என்று கேட்பவர்கள் இந்த முப்பது ஆண்டைக் கணக்கில் எடுக்க வேண்டும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. இறந்தவர்களில் பெரும்பாலோர் நம் மக்கள், கூலி வேலை செய்தவர்கள். அதன் பிறகுதான் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து கல்வராயன் மலை மக்களின் நிலையை விசாரணைக்கு எடுத்தது.

மலையில் வேலை இல்லை. அதனால் இறங்குகிறார்கள். கச்சிராயபாளையம் வழியாகக் கள்ளக்குறிச்சி, அங்கிருந்து பஸ்ஸில் சின்னசேலம் ரயிலடி, சேலத்தில் வண்டி மாறி கேரளத்து மிளகுத் தோட்டம், குடகு, சிக்மகளூர் காப்பித் தோட்டம். பழங்குடிச் சான்றிதழில் இவர்கள் 'மலையாளி'. மலையை ஆள்கிறவர் என்று பொருள். பாலக்காடு தாண்டியதும் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள். மலையாளம் தெரியாத மலையாளி என்று சிரிப்பவர்களுக்கு, இவர்களுடைய முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் பழங்கதை தெரியாது. சிரிப்பாவது பரவாயில்லை. வெள்ளிமலை என்று ஊர்ப் பெயரைச் சொன்னதும் இங்கேயே சிலருடைய பார்வை மாறுகிறதே, அதுதான் ஆபத்து. மலை என்றால் சாராயம், மலை என்றால் செம்மரம் என்று செய்திகள் பழக்கிவைத்திருக்கின்றன.

அந்தப் பார்வை எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2015 ஏப்ரல் 7 காட்டியது. திருப்பதி அருகே சேஷாசலம் காட்டில் 20 தமிழர்களை ஆந்திரக் காவல்துறை சுட்டுக் கொன்றது. திருவண்ணாமலை, தர்மபுரி, சேலம் மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். பலர் ஜவ்வாது மலை, சித்தேரி மலைப் பக்கத்து மலையாளிப் பழங்குடிகள். நம் கல்வராயனுக்கு அக்கம்பக்கத்து மலைகள், ஒரே மக்கள். மரம் வெட்டும்போது தாக்கினார்கள், தற்காப்புக்குச் சுட்டோம் என்றது காவல்துறை. பயணத்திலேயே பிடித்துக்கொண்டு போய்க் கொன்றார்கள் என்றன மனித உரிமை அமைப்புகள். தப்பி வந்தவர்கள் தேசிய மனித உரிமை ஆணையத்தின் முன் நின்றார்கள். அவர்களில் ஒருவர் சொன்னது இது: எட்டுப் பேராக பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தார்கள். போலீஸ் ஏறி ஏழு பேரை இறக்கிக்கொண்டு போனது. இவர் ஒரு பெண் பயணியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் குடும்பத்தோடு வந்தவர் என்று நினைத்து விட்டுவிட்டார்கள். அந்தப் பெண் யாரோ. அவர் பக்கத்து இருக்கையில் இருந்ததால் ஓர் உயிர் மிஞ்சியது.

அது பஸ். அடுத்த ஆண்டு, 2016 ஆகஸ்டில், சென்னையிலிருந்து திருப்பதி போன கருடாத்ரி எக்ஸ்பிரஸிலிருந்து 32 தமிழர்களை ரேணிகுண்டா நிலையத்தில் இறக்கிக் கைது செய்தார்கள். செம்மரம் வெட்ட வந்தார்கள் என்பது குற்றச்சாட்டு. மரத்தைத் தொடும் முன், காட்டைப் பார்க்கும் முன், ரயில் பெட்டியிலேயே கைது. செம்மரத்தில் கோடி சம்பாதிக்கிற முதலாளி பொதுப்பெட்டியில் போவதில்லை.

பார்த்தவர்கள்

இந்த இடத்தில் நாம் மற்ற பயணிகளைப் பற்றிக் கேட்டாக வேண்டும். அந்த பஸ்ஸில் ஏழு பேர் இறக்கப்பட்டபோது நாற்பது ஐம்பது பேராவது பார்த்திருப்பார்கள். 2017 ஜூன் 22 அன்று டெல்லியிலிருந்து மதுரா போகும் ரயிலில், ரம்ஜானுக்குத் துணி வாங்கித் திரும்பிய ஜுனைத் என்ற சிறுவன் கத்தியால் குத்தப்பட்டான். இருக்கைத் தகராறில் தொடங்கி மதத்தில் போய் முடிந்த கொலை. கூட்டம் நிறைந்த பெட்டி அது. கூட்டம் இருந்தும் அவனைக் காப்பாற்ற ஆள் இல்லை. சாத்தாராவில் ரயில் பலகை சிறுவன் பீமராவுக்கு இடம் கொடுத்தது. 116 ஆண்டு கழித்து ஹரியானாவில் அதே பலகையில் இன்னொரு சிறுவனுக்கு இடமில்லை. ரயில் முன்னேற்றத்தைத் தானாகக் கொண்டுவரும் என்று நம்பியவர்களுக்கு இதுதான் பதில். இரும்புப் பாதை உடல்களை அருகருகே கொண்டுவரும். அருகில் இருப்பவரை மனிதராக நடத்துவது அங்கே உட்கார்ந்திருப்பவர்களின் வேலை.

கள்ளக்குறிச்சி 2019இல் தனி மாவட்டமாகிவிட்டது. சின்னசேலத்திலிருந்து கள்ளக்குறிச்சி நகருக்குச் சுமார் 16 கிலோமீட்டர் புதிய பாதை பல ஆண்டுகளாகப் பேச்சிலும் பணியிலும் இழுபடுகிறது. கொரோனாவுக்குப் பிறகு பாசஞ்சர் ரயில்களின் குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாயிலிருந்து 30 ரூபாய் ஆக்கப்பட்டு, 2024 பிப்ரவரியில்தான் பழையபடி 10 ஆனது. அந்த 20 ரூபாயும், கழிப்பறை வாசலில் நின்றபடி போகும் பொதுப்பெட்டி நெரிசலும் யார் தலையில் விழுகின்றன என்று பார்த்தால், சாதி பார்க்காத அந்தப் பழைய சீட்டு நம் கையிலிருந்து மெல்ல நழுவுவது தெரியும். பாதை வேண்டும், பாசஞ்சர் ரயில் வேண்டும், கூடுதல் பொதுப்பெட்டி வேண்டும். இவற்றை வசதி என்று கேட்காமல் உரிமை என்று கேட்போம்.

பயணிகளாக நாம் செய்யக்கூடியதும் உண்டு. யாரையாவது போலீஸ் பெட்டியிலிருந்து இறக்கினால், என்ன காரணம், எந்த நிலையம் என்று எழுந்து கேளுங்கள். கைது செய்கிற காவலர் பெயர்ப் பட்டை அணிந்திருக்க வேண்டும், கைதுக் குறிப்பில் சாட்சிக் கையெழுத்து வாங்க வேண்டும், குடும்பத்துக்குத் தகவல் தர வேண்டும் என்பது டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த விதி. இறக்கப்பட்டவரின் ஊரையும் வீட்டு எண்ணையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஊரைக் கேட்க நியாயமான நேரம் அதுதான். பெட்டிக்குள் வம்பு நடந்தால் 139க்கு அழையுங்கள். மற்ற நேரத்தில், பக்கத்தில் வந்து உட்காருகிறவரிடம் எங்கே இறங்கணும் என்று கேட்டு, அவர் தூங்கிவிட்டால் அந்த நிலையத்தில் எழுப்பிவிட்டால் போதும்.